பட்டு இழையும் போலிப் பெயரும்

சங்கரன்கோவிலில் தறியோசை கேளாத தெருக்கள் சிலவே. ஆடித் தபசுக்கு வருகிற வெளியூர் அன்பர்கள், கோமதி அம்மனைத் தரிசித்து, புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, திரும்பும்போது கடைவீதியில் பருத்திச் சேலை ஒன்றும் வாங்கிச் செல்வதுண்டு. இத்தகைய ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாக விஞ்ஞான ஆசிரியனாக இருந்து வருகிறேன். ஆகையால் நூலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற சிறு கர்வம் எனக்கு இருந்தது. அந்தக் கர்வத்தை ஓர் இஸ்திரிப் பெட்டி அடக்கிற்று.

என் தமக்கையின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலைக்கென்று தமக்கை மூன்று வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருந்தாள். வெளியூர்க் கடை ஒன்றில், "சுத்தப் பட்டு" என்று கடைக்காரர் வாயாரச் சொல்ல, நானும் கையால் தடவிப் பார்த்துத் தலையசைக்க, சேலை வாங்கியாயிற்று. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு, மடிப்பு விழுந்திருந்த முந்தானையை யாரோ இஸ்திரி போட்டார்கள். சூடு சற்று அதிகமாகிவிட்டது. மறுகணம் சேலையின் ஓரம் சுருண்டு, உருகி, மெழுகு போல் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது.

பட்டு கருகும், ஆனால் உருகாது. தலைமயிர் உருகுவதுண்டோ? பட்டும் அவ்வாறே. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "பட்டு என்றுதானேடா தம்பி கொடுத்தான்?" என்று தமக்கை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உருகிய ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, அதே சேலையில் பெண் மணையில் அமர்ந்தாள். கல்யாணம் குறைவின்றி நடந்தது. ஆனால் தமக்கையின் முகத்தில் இருந்த வாட்டத்தை நான் ஒருவனே அறிவேன்.

கல்யாணம் முடிந்து பள்ளிக்கூடம் திரும்பியபோது அச்சேலையின் நூலில் சிறிது என் சட்டைப் பையில் இருந்தது. எங்கள் தாயாரின் பழைய கல்யாணப் புடவையிலிருந்து பிரித்தெடுத்த நூலும் கூட இருந்தது. ஆய்வுக்கூடத்தில் உள்ள நுண்ணோக்கியின் கீழ் இவ்விரண்டையும் வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் பார்ப்பதென்று தீர்மானித்தேன். அன்று நாங்கள் கண்டதையே நேயர்களுக்கு இங்கே சொல்லப் போகிறேன்.

தக்கையும் சவர அலகும்

இழையை நீளவாக்கில் பார்ப்பது எளிது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இழையை அதில் கிடத்தி, மேலே மெல்லிய கண்ணாடி மூடியை வைத்தால் போதும். அதன் குறுக்குவெட்டைப் பார்க்கத்தான் ஒரு தந்திரம் வேண்டும். புட்டி அடைக்கும் தக்கை ஒன்றை எடுத்து, ஊசியில் கோத்த நூல் வளையத்தை அதன் ஊடே செலுத்தி, பரிசோதிக்க வேண்டிய இழைகளை அந்த வளையத்தில் மாட்டி இழுத்தால் அவை தக்கைக்குள் இறுகி நிற்கும். பிறகு புதிய சவர அலகால் தக்கையைக் காகிதம் போல் மெல்லியதாகச் சீவினால், இழைகளும் கூடவே அறுபட்டுத் தங்கள் குறுக்குமுகத்தைக் காட்டும். வெள்ளரிக்காயைச் சீவி உள்ளே பார்ப்பது போலத்தான்.

பிள்ளைகளுக்குப் பழக்கமான பருத்தியை முதலில் வைத்தேன். முறுக்கிய ரிப்பன் போல அது தெரிந்தது. பஞ்சு காய்க்குள் இருக்கும்போது குழாயாக இருந்து, காய் வெடித்து உலர்ந்ததும் தட்டையாகிப் புரிவிட்டுக்கொள்வதால் வந்த உருவம் அது. அதே பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து இழுத்துப் பிடித்தால் புரி நீங்கி உருண்டு பளபளப்படைகிறது. ‘மெர்சரைஸ்’ செய்த நூல் என்று நம்மூர்க் கடைகளில் சொல்வது இதைத்தான். நூலின் பளபளப்பு பெரும்பாலும் அதன் உருவத்தைப் பொறுத்தது என்ற முதற்பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது.

இரண்டாய்ப் பிறந்த ஓரிழை

அடுத்தது தாயாரின் புடவை நூல். நீளவாக்கில் பார்த்தால் வழுவழுப்பான கண்ணாடிக் கம்பிகள். வேறு விசேஷம் எதுவும் இல்லை. குறுக்குமுகத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் வியந்துபோனார்கள். ஒவ்வோர் இழையும் ஒரு முக்கோணம்! மூலைகள் சற்றே மழுங்கியிருந்தன. ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒன்று பருத்தது, ஒன்று மெலிந்தது, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தது. அகலம் ஏறத்தாழ 10 முதல் 13 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இத்தகைய இழைகளை எண்பது தொண்ணூறு வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும்.

முக்கோணம் எப்படி வந்தது என்பதை அறியப் புழுவினிடமே போக வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்காசிப் பக்கம் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய இருபத்தைந்து நாள் இலை தின்று, நான்கு முறை தோலுரித்து, முட்டையிலிருந்து வந்தபோது இருந்ததைப்போல் சுமார் பதினாயிரம் மடங்கு எடை கூடிய புழு, ஒரு நாள் உணவை வெறுத்துத் தலையைத் தூக்குகிறது. அதன் உடலின் இரு பக்கங்களிலும் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து வரும் இரண்டு இழைகளும் வாயருகே ஒன்றாகச் சேர்ந்து, செரிசின் என்னும் பசையால் ஒட்டப்பட்டு, ஒரே நூலாக வெளிவருகின்றன. புழு தலையை எட்டு என்ற எழுத்தின் வடிவில் அசைத்து அசைத்து, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டி முடிக்கிறது. ஒரு கூட்டில் 600 முதல் 1,500 மீட்டர் வரை அறுபடாத இழை இருக்கும்.

ஆகவே பச்சைப் பட்டு நூலை வெட்டிப் பார்த்தால் இரண்டு முக்கோணங்கள் தட்டைப் பக்கம் தட்டைப் பக்கத்தை நோக்க, ஒரே பசைப் போர்வைக்குள் நிற்பதைக் காணலாம். ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாக ஓருருவில் நிற்கும் சங்கரநாராயணர் ஊரில் இதை விளக்குவது ஓர் ஆசிரியனுக்குச் சிரமமில்லை. சோப்பு நீரில் கொதிக்க வைத்தால் பசை கரைந்து, இரண்டும் தனித்தனியாகப் பிரிகின்றன. பச்சைப் பட்டின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இவ்வாறு போய்விடும். மிஞ்சுவதே ஃபைப்ராயின் என்னும் புரதம். நாம் உடுத்தும் பட்டு அதுதான்.

முக்கோணத்தின் தட்டையான பக்கங்கள் சிறு பட்டகங்கள் போல் ஒளியை வாங்கித் திருப்புகின்றன. முக்கோணங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதால் ஒளியும் ஒரே திசையில் போகாமல் பல பக்கம் சிதறுகிறது. பட்டுடுத்திய பெண் ஓரடி நடந்தால் ஒளி அலை அலையாய் ஓடுவதன் காரணம் இதுவே.

நுண்ணோக்கிக்கும் எட்டாத ஆழத்தில் இன்னோர் அழகு இருக்கிறது. ஃபைப்ராயினின் அணுக்கோவைகள் மிகச் சிறிய உருவமுள்ள கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று அமினோ அமிலங்களால் பெரும்பாலும் ஆனவை. சிறியவையாதலால் அவை நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பான தகடுகளாகின்றன. இத்தகைய தகட்டமைப்பைப் பாலிங், கோரி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1951-இல் எடுத்துரைத்தார்கள்; 1955-இல் பட்டிலேயே அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். இறுகிய தகடுகள் பட்டுக்கு உறுதியைத் தருகின்றன. அவற்றுக்கிடையே ஒழுங்கற்று நெகிழ்ந்து கிடக்கும் பகுதிகள் அதற்குத் துவளும் குணத்தைத் தருகின்றன.

எல்லாப் பட்டும் முக்கோணமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய இந்தியக் காடுகளில் மருத மரத்திலும் ஆசன் மரத்திலும் வளரும் டசர்ப் புழுவின் இழை, தட்டையான ஆப்பு வடிவம் கொண்டது. நீளவாக்கில் கோடுகள் ஓடும். மல்பெரிப் பட்டைவிட அகலமானது. அஸ்ஸாமின் முகா, எரி என்னும் பட்டுக்களும் உண்டு. மல்பெரி, டசர், முகா, எரி என்ற நான்கு வகையையும் வாணிபத்துக்காக உற்பத்தி செய்யும் தேசம் உலகில் நம்முடையது ஒன்றே.

அச்சில் வார்த்த முக்கோணம்

இனித் தமக்கையின் சேலைக்கு வருவோம். அதன் இழையை நீளவாக்கில் வைத்தபோது அதுவும் கண்ணாடிக் கம்பியாகவே தெரிந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தபோது என் நெஞ்சு ஒரு கணம் துணுக்குற்றது. அங்கும் முக்கோணம்! அவசரப்பட்டு ஒரு வியாபாரியின் மேல் வீண்பழி சுமத்திவிட்டேனோ என்று எண்ணினேன்.

"ஸார், இது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே!" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன். அப்போதுதான் நன்றாகக் கவனித்தேன். ஒவ்வொரு முக்கோணமும் ஒரே அளவு, ஒரே சாயல், ஒரே அச்சில் வார்த்த செங்கல் போல. பட்டின் பக்கங்கள் சற்றே வெளியே புடைத்திருக்கும். இவற்றின் பக்கங்களோ மூவிதழ்ப் பூவைப் போல உள்வாங்கியிருந்தன. அது பாலியெஸ்டர். இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இருவர் 1941-இல் கண்டுபிடித்த பொருளின் வழிவந்தது. உருக்கிய குழம்பை நுண்துளைகளின் வழியே பிழிந்து எடுக்கும் இழை இது. துளை வட்டமானால் இழையும் வட்டம். பட்டின் மினுமினுப்புக்கு முக்கோணமே காரணம் என்பதைக் கண்டுகொண்ட இரசாயன நிபுணர்கள், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துளையையே மூவிதழாக வெட்டி, உருவத்தையும் பார்த்தெழுதிவிட்டார்கள். ஆனால் புழுவின் கைப்பிழையை, அந்த ஒன்றுபோல் ஒன்றில்லாத தன்மையை, யந்திரம் பார்த்தெழுதவில்லை. உண்மையைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கைப்பிழையே.

தேன் போன்ற குழம்பு

மறுநாள் ஒரு மாணவி தன் வீட்டிலிருந்து நூல் கொண்டுவந்தாள். அவள் தகப்பனார் விசைத்தறி வைத்திருப்பவர். பருத்திச் சேலையின் கரைக்குச் செயற்கைப் பட்டு இழை சேர்த்து நெய்கிறவர். அந்த இழை நீளவாக்கில் வரிவரியாக ஓடிற்று. குறுக்குவெட்டில் ஓரமெல்லாம் ரம்பப் பல் போல நெளிந்திருந்தது. சந்தேகமில்லை, அது விஸ்கோஸ் ரேயான்.

இதன் சரித்திரம் சுவையானது. 1665-இல் இலண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி, தம் நுண்ணோக்கியில் பட்டுத் துணியைப் பார்த்துவிட்டு, புழுவின் பசையைப் போன்ற ஒன்றை மனிதனும் செய்து இழையாக இழுக்கலாமே என்று எழுதி வைத்தார். அந்த யோசனை பலிக்க இருநூறு வருஷத்துக்கு மேலாயிற்று. பிரான்ஸில் பட்டுப்புழுக்கள் கொள்ளை நோயால் மடிந்தபோது, 1865-இல் தொடங்கி லூயி பாஸ்டர் அதை ஆராய்ந்தார். தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய்க்கிருமி இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். நம் நாட்டு முட்டை வித்தகங்களில் இன்றும் அந்த முறையே நடைபெறுகிறது. அந்த ஆராய்ச்சியோடு தொடர்பு கொண்டிருந்த ஷார்டொன்னே பிரபு, பின்னர் 1884-இல் செயற்கைப் பட்டுக்கு உரிமை பெற்று, 1889-இல் பாரிஸ் பொருட்காட்சியில் காட்டினார். அது எளிதில் தீப்பற்றும் பொருளிலிருந்து செய்யப்பட்டதால் ஆபத்தாக இருந்தது.

1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவான், பீடில் என்ற மூவர் வேறு வழி கண்டார்கள். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைஸல்ஃபைடு சேர்த்தால் தேன் போன்ற குழம்பு வருகிறது. அதை நுண்துளைகளின் வழியே அமிலத் தொட்டிக்குள் பிழிந்தால் இழையாக உறைகிறது. மேல்தோல் முதலில் கெட்டியாகி, உள்ளிருக்கும் நீர்ப்பசை பிறகு வற்றுவதால், உலர்ந்த சுண்டைக்காய் போலத் தோல் சுருங்குகிறது. நாங்கள் கண்ட ரம்பப் பல் அதுதான்.

1930-களில் ஜப்பானிலிருந்து செயற்கைப் பட்டு நம் துறைமுகங்களில் ஏராளமாக வந்து இறங்கியது. இந்த இழையை நம் நாட்டிலேயே செய்யத் துணிந்தவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியன் ஓவர்ஸீஸ் வங்கியை 1937-இல் நிறுவிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியாரே கேரளத்துப் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தோற்றுவித்தார். அது 1950-இல் உற்பத்தி தொடங்கிய, இந்தியாவின் முதல் ரேயான் ஆலை. செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் காலமானார். ஆலையும் 2001-இல் மூடப்பட்டது. கோவைப் பக்கம் பவானிக் கரையில் சிறுமுகையிலும் ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது. அதன் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் போராடினார்கள். அதுவும் இன்று இல்லை. அதே சிறுமுகை இப்போது மென்பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றிருப்பது விந்தையே.

ஒரு மாணவியின் கேள்வி

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாணவி எழுந்து நின்று, "ஸார், அப்படியானால் எங்கள் அப்பா நெய்வது பொய்ச் சேலையா?" என்று கேட்டாள். வகுப்பு நிசப்தமாயிற்று. முகூர்த்தச் சேலை உருகியபோது எனக்குள் மூண்ட கோபம் எவ்வளவு கண்மூடித்தனமானது என்பதை அந்தக் கேள்வியே எனக்கு உணர்த்திற்று. அதுவரை என் கோபமெல்லாம் அந்த இழையின் மேல் இருந்தது.

"இல்லையம்மா. உன் தகப்பனார் தம் சேலையைப் பட்டு என்று சொல்லி விற்கிறாரா?" என்றேன்.

"இல்லை ஸார். பருத்தி, கரை மட்டும் ஆர்ட் சில்க் என்றுதான் சொல்லுவார்."

"அப்படியானால் அதில் பொய் ஏது?"

இழையில் பொய் கிடையாது. மரக்கூழில் பிறந்தது ரம்பப் பல்லைக் காட்டுகிறது; எண்ணெயில் பிறந்தது அச்சு மாறாத உருவத்தைக் காட்டுகிறது; புழுவிடம் பிறந்தது கோணல்மாணலான முக்கோணத்தைக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் தன் பிறப்பை மறைக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பொய், அதன் மேல் நாம் ஒட்டும் பெயரிலே இருக்கிறது. ரேயான் ஏழை வீட்டுக்கும் மினுமினுப்பைக் கொண்டுவந்தது. கூட்டுக்குள் இருக்கும் உயிரைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கும் அது உதவுகிறது. அதைச் செய்யும் ஆலையின் நச்சும் கழிவும் வேறு ஒரு கணக்கு. பட்டுக்கோ புழுவின் உயிரும், விவசாயி, நெசவாளி இருவரின் நீண்ட உழைப்பும் விலை. ஒரு கிலோ பச்சைப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். பாலியெஸ்டருக்குப் பட்டின் பெயரும் பட்டின் விலையும் வைக்கும்போது, வாங்குகிறவள் மட்டுமா ஏமாறுகிறாள்? அந்த உழைப்பாளிகளின் கூலியும் அல்லவா களவு போகிறது!

வீட்டிலே செய்யக்கூடியது

எல்லோர் வீட்டிலும் நுண்ணோக்கி இல்லை. ஆகையால் சில எளிய வழிகளைக் கூறுகிறேன். சேலையின் பாவிலிருந்து ஒரு நூலும் ஊடையிலிருந்து ஒரு நூலும் எடுக்க வேண்டும். பாவில் பட்டும் ஊடையில் வேறொன்றும் வைத்து நெய்வதுண்டாதலால் இரண்டையும் சோதிப்பது அவசியம். பெரியவர் ஒருவர் அருகிருக்க, நூலைக் குறட்டில் பிடித்துத் தீயில் காட்டுக. பட்டு மெல்ல எரிந்து, மயிர் கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கருமணியை விடும். ரேயான் காகிதம் போல் விரைந்து எரிந்து சிறிது சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியபின் நசுங்காத கெட்டி முத்தாகும். ரேயான் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலிமையை இழக்கும். ஆகவே அதை முறுக்கிப் பிழிவது தவறு.

கடையில் தீக்குச்சி கிழிக்க முடியாதல்லவா? அதற்காகவே மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் ‘சில்க் மார்க்’ என்னும் அடையாளச் சீட்டை ஏற்படுத்தியது. சேலையில் அது தொங்குகிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டில் ‘சுத்தப் பட்டு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த மறுப்பே பதில். ‘ஆர்ட் சில்க்’ என்று கண்டால் அதைக் கலைப்பட்டு என்று எண்ணி மயங்க வேண்டாம். அந்த ‘ஆர்ட்’ என்பது செயற்கை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி.

சென்ற ஆடித் தபசுக்கு வந்திருந்த தமக்கையை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கியில் இரண்டு நூல்களையும் காட்டினேன். முதலில் தன் சேலையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அம்மாவின் நூலை வெகுநேரம் பார்த்தாள். "ஒன்று மாதிரி ஒன்று இல்லை, தம்பி" என்றாள். அதன்பின் அவள் தன் இளைய மகளின் கல்யாணத்துக்கு இப்போதே சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறாள். இம்முறை சேலை எடுக்கப் போகும்போது பற்றுச்சீட்டில் என்ன எழுதச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.